முள்ளில்லாக் குட்டை பிளாக்பெர்ரி: முதல் வருடக் கொம்பிலேயே பழம்

கேரள மலையூரான காந்தலூரில் ஆப்பிளும் பிளம்ஸும் காய்ப்பதைப் பார்த்தவர்கள் பிளாக்பெர்ரியும் வருமா என்று கேட்கிறார்கள். வரும். ரகத்தைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பிளாக்பெர்ரியின் வேர் பல வருடம் வாழும். தூரிலிருந்து எழும் ஒவ்வொரு கொம்புக்கும் ஆயுள் இரண்டே வருடம். பழைய ரகங்களில் முதல் வருடம் கொம்பு வளர்வதோடு சரி. குளிரில் உறங்கி எழுந்த மொட்டுகள்தான் மறுவருடம் பூக்கும். காய்த்து முடிந்ததும் கொம்பு பட்டுப்போகும். அந்த உறக்கம் கலைய, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நூறு மணி நேரக் குளிர் பல ரகங்களுக்குத் தேவை. காந்தலூரின் தை மாத இரவு எவ்வளவு நடுக்கினாலும் பகலில் வெயில் ஏறிவிடும். குளிர் போதாத இடத்தில் மொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழிக்கும்.

இதற்கு வழி காட்டியது அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகம். 2004இல் அது வெளியிட்ட ரகங்கள் முளைத்த வருடமே கொம்பின் நுனியில் பூத்தன, குளிருக்குக் காத்திருக்காமல். முள்ளில்லாத 'பேபி கேக்ஸ்' அதே வழியில் வந்த குட்டை ரகம். ஏறக்குறைய ஒரு மீட்டரோடு நின்றுவிடும், பெரிய தொட்டியே போதும். இளம் கொம்பின் நுனியைக் கிள்ளினால் கிளை கூடும்: நுனி மொட்டில் சுரக்கும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் கீழ் மொட்டுகளை அடக்கி வைக்கிறது. கிளை நுனிதோறும் பூங்கொத்து வரும் என்பதால், கிள்ளுவதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன்.

முள் இல்லாததிலும் இரண்டு விதம் உண்டு. 'தார்ன்லெஸ் எவர்கிரீன்' போன்ற பழைய ரகத்தில் மேல்தோல் அடுக்கு மட்டுமே முள்ளற்றது. வேர் அறுபட்டால் உள்திசுவிலிருந்து எழும் கன்று முள்ளோடு வரும். தொட்டி மாற்றும்போது இது நடந்துவிடும். ஆர்கன்சாவின் முள்ளில்லா ரகங்களில் முள்ளின்மை செடி முழுவதும் ஓடுகிறது. மரபணுவின் நான்கு நகல்களும் முள்ளற்றவையாக அமைந்தால்தான் இது வாய்க்கும். குழந்தைகள் ஓடும் வீட்டில் இந்த வேறுபாடு பெரிது.

மண் லேசான புளிப்புத்தன்மையோடு, பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். தேயிலை மண் அதைவிடப் புளிப்பானது என்பதால் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலக்க வேண்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழை காந்தலூரில் குறைவு. மூணாறு பக்கம் வளர்ப்பவர்கள் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தாவிட்டால் பூவிலும் பழத்திலும் சாம்பல் பூசணம் பிடிக்கும்.

பழத்தின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கருவுற்ற ஒரு சூற்பையிலிருந்து வருவது. தேனீ வரவு குறைந்தால் மணிகள் விட்டுப்போய்ப் பழம் கோணும், ஆகவே பூக்கும் காலத்தில் மருந்து அடிக்காதீர்கள். பறித்த பிறகு இனிப்பு ஏறாது. கருத்தவுடன் கை வைக்காமல், பளபளப்பு மங்கி, தொட்டதும் கையோடு வரும்வரை பொறுங்கள்.