ஃபுல் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

பாலாற்று மணலிலும் மலைப்பாறையிலும் ஓட்டுவதற்கென்று ஒரு பழைய ஜீப்பை வேலூர்ச் சத்துவாச்சாரிப் பட்டறையில் பிரித்துப் போட்டிருந்தார்கள். முன்சக்கரத்துக்குப் போகிற ஸ்டீயரிங் கம்பி இருக்க வேண்டிய இடம் காலி. "என்னண்ணா, ராடே காணோம்?" என்றேன். "இது பவர் ஸ்டேரிங் இல்லபா. ஃபுல் ஹைட்ராலிக். ஜேசிபில கீதே, அந்த மாதிரி" என்றார் மெக்கானிக்.

பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் கைக்கு ஒத்தாசைதான். பெட்டியும் கம்பியும் சக்கரம்வரை தொடர்ந்து போவதால், எண்ணெய் ஒழுகிப் போனாலும் தோள் வலிக்கத் திருப்பிவிடலாம். ஃபுல் ஹைட்ராலிக்கில் நடுவே இரும்புத் தொடர்பே கிடையாது. கைவளையத்துக்குக் கீழே, அதைத் திருப்பும் அளவுக்கு எண்ணெயை அளந்து அனுப்பும் ஆர்பிட்ரால் என்கிற வால்வு, முன் அச்சில் இருபக்கமும் தண்டு நீட்டிய சிலிண்டர், இரண்டையும் சேர்க்க ஓஸ் பைப், எண்ணெயைத் தள்ள இன்ஜினில் ஓடும் பம்ப். அவ்வளவுதான்.

பொருத்துவதில் கணக்கு முக்கியம். சிலிண்டர் உள்விட்டம் 63 மி.மீ., தண்டு 32 மி.மீ., ஓட்டம், அதாவது தண்டு நகரும் தூரம், 200 மி.மீ. என்று வையுங்கள். சக்கரம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்பச் சுமார் 460 கன செ.மீ. எண்ணெய் வேண்டும். சுற்றுக்கு 160 கன செ.மீ. (சி.சி.) தள்ளும் ஆர்பிட்ரால் போட்டால் கைவளையம் மூன்று சுற்றுக்குச் சற்றே குறைவு. 100 போட்டால் நாலரையைத் தாண்டும். பாறை நடுவே சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோகும். ஆனால் இன்ஜின் நின்றுவிட்டால் ஆர்பிட்ராலே கைப்பம்ப் மாதிரி எண்ணெயைத் தள்ளும். அப்போது கையால் திருப்ப 100தான் லேசு.

ஓஸ் வெடித்தால் திருப்ப வழியே இல்லை. கையை விட்டால் சக்கரம் பெரும்பாலும் தானாக நேருக்கும் வராது. ஆகவே ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஹைட்ராலிக்கின் வேர் கிரேக்கம். ஹூடோர் நீர், அவுலோஸ் குழல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிடெசிபியஸ் செய்த, நீரின் அழுத்தத்தால் காற்றூதும் இசைக்கருவியின் பெயர்தான் ஹூட்ராலிஸ். இசை போய்விட்டது, குழல் ஓஸ் வடிவில் நின்றுவிட்டது.

பள்ளிப் புத்தகம் ஹைட்ராலிக் லிஃப்டை நீரியல் தூக்கி என்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. ஏரி, ஆற்று நீரைக் கணக்கிடும் துறைக்கும் நீரியல் என்றே பெயர். இங்கே ஓடுவதோ எண்ணெய். நீர்மம் என்றால் எண்ணெயும் அடங்கும். அதனால் நீர்ம என்றே எழுதுகிறேன்.

ஸ்டீயரிங்குக்குத் திசைமாற்றி என்று எழுதுகிறார்கள். பொருள் சரி, வாயில் நுழைவதுதான் சிரமம். பழைய ஆங்கிலத்தில் ஸ்டீயர் என்பதன் உறவுச்சொல்லுக்குக் கப்பலைத் திருப்பும் பலகை என்று பொருள். அந்தப் பலகைக்கு நம் கடற்கரையில் ஏற்கெனவே சுக்கான் என்ற பெயர் உண்டு. அது அரபியிலிருந்து வந்தது. இத்தனை காலம் புழங்கியபின் அதை அந்நியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெரிய கப்பலில் சுக்கானைத் திருப்புவதும் எண்ணெய் அழுத்தம்தான் என்பதால் இன்னும் பொருத்தம். ஆகவே முழுநீர்மச் சுக்கான். பவர் ஸ்டீயரிங்கை நீர்மத் துணைச் சுக்கான் என்றால் வித்தியாசமும் விளங்கிவிடும். 'கம்பியில்லாச் சுக்கான்' என்றும் யோசித்தேன். ரேடியோ ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

ஆர்பிட்ராலை மட்டும் தொடவில்லை. உள்ளே இருக்கும் பல்சக்கரம் வட்டப்பாதையில் நகர்வதால் வந்த பெயர் அது. ஆர்பிட்டின் லத்தீன் மூலத்துக்கு வண்டிச்சக்கரம் மண்ணில் பதிக்கும் தடம் என்று பொருள். உதிரிபாகக் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். எத்தனை சி.சி. என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.