ரெஸ்பிரோமீட்டர்: விதையின் உயிர்ப்பை அளக்கும் கருவி

முளைவிடும் விதை எவ்வளவு ஆக்சிஜனை எடுக்கிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை விடுகிறது என்று அளக்கும் கருவிதான் ரெஸ்பிரோமீட்டர். லத்தீனில் 'ரெ' என்றால் மீண்டும், 'ஸ்பிராரே' என்றால் மூச்சு விடுதல். 'மீட்டர்' கிரேக்கத்தின் 'மெட்ரான்', அதாவது அளவு. நம் பாடநூல்களில் வரும் கேனாங் சுவாசமானி, ஸ்மித் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த வில்லியம் கேனாங் பெயரில் வழங்குவது.

வேலை செய்யும் விதம் எளிது. முளைகட்டிய பச்சைப்பயறைக் காற்றுப் புகாத குழாயில் போட்டு, கூடவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் வைத்தால், பயறு விடும் கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சிக்கொள்ளும், ஆக்சிஜனோ செலவாகிக்கொண்டே போகும், அதனால் உள்ளே காற்றின் கன அளவு குறைய, நுண்குழாயில் இருக்கும் சாயத் துளி விதைப் பக்கம் மெல்ல நகரும். அந்த நகர்வுதான் அளவு. ஆனால் அறை சற்றுச் சூடானாலே காற்று விரிந்து துளி தள்ளிப்போகும், அதனால் அதே கன அளவு கண்ணாடி மணிகள் போட்ட இன்னொரு குழாயைப் பக்கத்தில் வைத்து, அதில் துளி நகரும் அளவைக் கணக்கில் கழித்தே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டுச் செய்யும் சோதனையை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை, எடுத்த ஆக்சிஜனால் வகுத்தால் கிடைப்பது சுவாச ஈவு. மாவுச்சத்து எரிந்தால் 1, கொழுப்பு எரிந்தால் சுமார் 0.7. அதனால்தான் எண்ணெய் வித்தான ஆமணக்கு முளைக்கும்போது ஈவு 1-க்குக் கீழே வருகிறது. வெளியே விதை விதையாகவே இருக்க, உள்ளே எது எரிகிறது என்று ஓர் எண் சொல்லிவிடுகிறது, எனக்கு இதில் தீராத வியப்பு!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சுவாசம், மானி இரண்டுமே வடமொழி வழி வந்தவை. 'மூச்சுமானி' என்றால் நெஞ்சும் நுரையீரலும் நினைவுக்கு வரும், விதைக்கு அவை ஏது? 'உயிர்த்தல்' என்ற பழஞ்சொல் மூச்சு விடுதலையும் உயிரோடிருத்தலையும் சேர்த்தே குறிக்கும், பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்கிறோமே, அதே வேர்தான். செல்லுக்குள் நடப்பதற்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே கருவி உயிர்ப்பளவி, ஈவு உயிர்ப்பு ஈவு. தேர்வு எழுதுபவர்கள் மட்டும் பாடநூல்படி சுவாசமானி என்றே எழுதுங்கள்.