குண்டுவீச்சும் நேர்க்கோடும்

போரின் நிச்சயமின்மை மனிதரை, குறிப்பாக ஓவியரை, ஒழுங்கான கோடுகளின் பக்கம் தள்ளுமா? ஜப்பானிய விமானங்கள் 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது முதன்முறையாகக் குண்டு வீசின. ஒரு நாள் விட்டு 25ஆம் தேதி மீண்டும் வந்தன. பர்மாத் தமிழர்களான நம் முன்னோர் பலரைக் கால்நடையாக ஊரைவிட்டு ஓடவைத்த அந்த மார்கழியில், குண்டு விழாத 24ஆம் தேதியும் மூளைக்குப் பெரும் சுமையாகவே இருந்திருக்கும்.

லண்டன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குக் காரணம் காட்டுகிறது. கணினித் திரையில் தெரியும் கல்லின் அடியில் பாம்பு இருக்கிறதா என்று 45 பேர் ஊகிக்க வேண்டும்; பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி விழும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்திருந்தபோதைவிட, விழலாம் விழாமலும் போகலாம் என்று வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான் வியர்வையும் கண்மணியின் விரிவும் உச்சத்தைத் தொட்டன. அடுத்து நடப்பதை ஓயாமல் கணித்துக்கொண்டிருக்கும் மூளை, கணிப்புக்கு வழியில்லாதபோது விழிப்பு நிலையைத் தளர்த்த முடியாமல் திணறுகிறது.

அந்நிலையில் ஒழுங்கான வடிவம் ஏன் ஈர்க்கிறது? வாசலில் புள்ளி வைத்தபின் கோலத்தின் கம்பி எங்கே வளையும் என்பது இழுக்கும் முன்பே தெரிந்துவிடுவதைப் போல, சமச்சீர் உருவத்தில் ஒரு பாதியைக் கண்ட கண்ணுக்கு மறுபாதி எளிதில் பிடிபடுகிறது. கட்டுப்பாட்டை இழந்ததாக உணர்பவர்கள் வெறும் புள்ளிக் குவியலிலும் உருவங்களைக் காண்கிறார்கள் என்று 2008இல் ஓர் ஆய்வு கூறியது. பின்வந்த சோதனைகள் சிலவற்றில் அவ்விளைவு கிடைக்காததால் அதை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது.

போர் எல்லா ஓவியரையும் ஒழுங்கின் பக்கம் தள்ளுவதும் இல்லை. முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி வீரராக இருந்த ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ், 1924இல் வெளியிட்ட 50 செதுக்கோவியங்களில் சிதைந்த உடல்களையும் பதுங்குகுழிகளையும் பதிவுசெய்தார். நேர்க்கோட்டுக்குப் பேர்போன டச்சு ஓவியர் பீட் மோண்ட்ரியானோ, கறுப்புக் கோடுகளும் அடிப்படை வண்ணங்களும் கொண்ட தம் நடையை 1921 வாக்கிலேயே எட்டிவிட்டார். ஆகவே இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது விழுந்த ஹிட்லரின் குண்டுகள்தாம் அவருக்குக் கட்டங்களைக் கற்பித்தன என்பது அவசர முடிவு.

போர் மாற்றியது அவர் வேலைசெய்த விதத்தை என்றே எனக்குத் தோன்றுகிறது. லண்டன் குண்டுவீச்சுக்குத் தப்பி 1940இல் நியூயார்க் சென்ற அவர், ஐரோப்பாவில் தொடங்கிய ஓவியங்களை அங்கே மறுபடி கையிலெடுத்து, கறுப்புக் கோடு சூழாத வண்ணத் துண்டுகளை அவற்றில் சேர்த்தார். புதிய ஓவியங்களுக்கோ வண்ண ஒட்டுநாடாக்களைத் திரைச்சீலையில் ஒட்டிப் பார்த்து, இடைவெளி பிடிக்காவிட்டால் உரித்து, சற்று நகர்த்தி மீண்டும் ஒட்டினார். ஒவ்வொரு கோடும் அவர் சம்மதிக்கும்வரை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது.