வெயில் தின்னாத எழுத்து, மரம் விழுங்காத பலகை

பூங்காக்களில் செடிகளுக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் அச்சிட்ட பெயர்ப்பலகைகளைச் சில கோடைகள் கழித்துப் பார்த்தால், பெரும்பாலானவை வெளிறிய நீலமாக நிற்கும். மஞ்சளும் சிவப்பும் முதலில் போய்விடும். நீலமும் கறுப்பும் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். பழைய கடை பேனருக்கும் சுவரொட்டிக்கும் இதே கதிதான். குற்றவாளி பெரும்பாலும் புற ஊதா ஒளி. 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின் ஒரு ஃபோட்டானில், அதாவது ஒரு ஒளித்துகளில், ஏறத்தாழ 4.1 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பை அறுக்க 3.6 அளவே போதும். மூலக்கூறின் அமைப்பு குலைந்தால் அதன் நிறமும் போச்சு. கரித்தூளால் ஆன கறுப்பில் அப்படிக் குலைய அதிகம் இல்லாததால்தான் அது நிலைக்கிறது.

செதுக்கிய பலகை இந்தச் சிக்கலுக்கு வேறு வழியில் விடை காண்கிறது. எழுத்து ஒரு மையாக மேலே ஒட்டியிருந்தால்தானே உரிந்து போகும்? அதைப் பொருளுக்குள்ளேயே வெட்டிவிட்டால் வெயில் பறிக்க எதுவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில், ராஜராஜன் காலத்தில் வெட்டிய எழுத்துகளை ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்கிறோம். அங்கே வண்ணமே கிடையாது. பள்ளத்தில் விழும் நிழல்தான் எழுத்து.

தோட்டப் பலகையில் நிழலை மட்டும் நம்பினால் சரிவராது. உச்சிவெயிலில், மேகமூட்டத்தில், மரத்தடி இருட்டில் எல்லாம் படிக்க வேண்டும். அதனால் உள்ளே ஒரு நிறம், மேலே மெல்லிய தோலாக வேறொரு நிறம் கொண்ட இரட்டை நிற பிளாஸ்டிக் தகடு பயன்படுகிறது. மேல்தோலை வெட்டியதும், கத்தரிக்காயைச் சீவினாற்போல், உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். 1927இல் மான்செஸ்டரின் டிராஃபோர்ட் பார்க்கில் இருந்த மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் என்ற மின்பொறி நிறுவனம் ‘டிராஃபோலைட்’ என்ற பெயரில் இத்தகைய தகட்டை உருவாக்கியது. மின்சாரப் பலகைகளில் சுவிட்சுகளுக்குப் பெயர் எழுத வந்த பொருள் பிறகு தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

இன்று செதுக்கும் கடைக்குப் போனால் இரண்டு வகைத் தகடுகளைக் காட்டுவார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், விலைதான் வேறு. ஒன்று ஏபிஎஸ், மற்றது அக்ரிலிக். ஏபிஎஸ்ஸில் நெகிழ்வுக்காக ஒருவகை ரப்பர் சேர்க்கிறார்கள். அந்த ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை ஒளியும் ஆக்சிஜனும் எளிதில் தாக்கும். வெயிலில் வைத்தால் மஞ்சளாகி, பிறகு உடையத் தொடங்கும். அலுவலக அறைக் கதவுக்கு அது போதும். தோட்டத்துக்கு வெயில் தாங்கும் அக்ரிலிக் என்று கேட்டு வாங்க வேண்டும். எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

வெட்டும் முறையும் இரண்டு. சுழலும் கூரான வெட்டுக்கருவி தகட்டைச் சுரண்டி எடுப்பது ஒன்று. மற்றது லேசர். கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். அக்ரிலிக் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்வதால் மேல்தோல் அந்த இடத்தில் ஆவியாகிவிடும். வெற்று எஃகு அதே கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். எஃகில் எழுத சுமார் 1 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள ஃபைபர் லேசர் வேண்டும். கல்லூரிப் பட்டறையில் லேசர் இருக்கிறதென்று யாராவது பிவிசி தகட்டைக் கொண்டுபோனால் தடுத்துவிடுங்கள். அது சுடும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஆளுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு.

உலோகம் வேண்டுமென்பவர்களுக்கு அனோடைஸ் செய்த அலுமினியம் நல்லது. மின்வேதி முறையில் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலத்தை வளர்க்கிறார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றில் சாயத்தை நிரப்பி, வெந்நீரில் மூழ்கவைத்து வாயை மூடிவிடுவார்கள். லேசர் பட்ட இடத்தில் சாயம் வெளிறி எழுத்து தெரியும். ஆனால் உள்ளே இருப்பது கரிமச் சாயம் என்பதால் மேலே சொன்ன புற ஊதாக் கணக்கு இங்கேயும் செல்லும். கறுப்பைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு, நீலத் தகடுகள் கடையில் அழகாகத் தெரியும், அதோடு சரி. கடலோர ஊர்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவதானால் 304 ரகத்தைவிட, மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். அலுமினியத் தகட்டில் பித்தளை ஸ்க்ரூ போட்டால் உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, அலுமினியம் அரிக்கும். நடுவில் ஒரு நைலான் வாஷர் வைத்தால் தீர்ந்தது.

எழுத்தின் அளவுக்கும் கணக்கு உண்டு. கண் மருத்துவர் பலகையில், 6 மீட்டர் தூரத்தில் இயல்பான பார்வை படிக்கும் வரிசை எழுத்தின் உயரம் சுமார் 9 மில்லிமீட்டர். 2 மீட்டரில் நின்று படிக்க 3 மில்லிமீட்டர் போதும் என்று ஆகிறது. ஆனால் அது திணறிப் படிக்கும் எல்லை. வசதியாகப் படிக்க அதைப் போல் மூன்று மடங்காவது வேண்டும். தமிழுக்கு நான் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்: 12 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். 1 மில்லிமீட்டர் அகல வெட்டுக்கருவி அதைவிடக் குறுகிய இடைவெளியில் நுழையாது. ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுவிடும். இன்னொரு தொல்லை, பழைய செதுக்கு மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம்மாறி விழுவது. எழுத்துகளை முதலில் கோட்டுருவமாக மாற்றிக் கொடுத்தால் அந்த வம்பு இல்லை.

சரி, பலகை தயார். எங்கே மாட்டுவது? பெரும்பாலோர் கை நேராக ஆணிக்குத்தான் போகிறது.

மரம் உயரமாவது கிளை நுனிகளில்தான். மார்பளவில் அடித்த ஆணி பத்து வருடம் கழித்தும் மார்பளவிலேயே இருக்கும். ஆனால் தண்டு பருக்கிறது. பட்டைக்கு உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு அடுக்கு, உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் உணவைக் கடத்தும் புளோயம் திசுவையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இறுக்கி அறைந்த பலகையின் ஓரங்களில் பட்டை ஏறி, கடைசியில் அதை விழுங்கிவிடும். கம்பி சுற்றிக் கட்டுவது இன்னும் மோசம். விட்டம் 1 சென்டிமீட்டர் கூடினால் சுற்றளவு 3 சென்டிமீட்டருக்கு மேல் கூடும். கம்பி நீளாது. அது புளோயத்தை நெரிக்க, இலையில் செய்த சர்க்கரை வேருக்குப் போகாமல் நின்றுவிடும். வேர் பட்டினி கிடந்தால் மரம் எத்தனை நாள் தாங்கும்?

ஆணி போட்ட காயமும் நம் தோலில் ஆறுவதுபோல் ஆறுவதில்லை. மரம் அந்தப் பகுதியைச் சுற்றி வேதித் தடுப்புகளை எழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு, புதுக் கட்டையை வெளியே வளர்க்கும் என்பதை அமெரிக்க வன ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ விளக்கினார். அதனால் மரத்தில்தான் மாட்டியாக வேண்டுமென்றால், நீளமான ஒரே ஒரு ஸ்க்ரூ, அதன் தலைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங். மரம் பருக்கப் பருக்கப் பலகை வெளியே நகரும், ஸ்பிரிங் சுருங்கும். இரும்பு ஸ்க்ரூ வேண்டாம். கருவேலம்பட்டை போன்றவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் கருங்கறை வழியும்.

தென்னை, பனை விஷயம் வேறு. அவை ஒருவித்திலை, கேம்பியம் கிடையாது. அதனால் பலகையை விழுங்காது, கட்டிய கம்பி நெரிக்கவும் செய்யாது. ஆனால் ஆணி போட்ட ஓட்டையை மூட அவற்றிடம் வழியே இல்லை, ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். ஆகவே பனைக்குக் கட்டு, ஆணி வேண்டாம்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் தன்னார்வலர்கள் மரங்களிலிருந்து விளம்பர ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் காலத்தில், நல்ல காரியத்துக்குக்கூட ஆணி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தரையில் ஒரு கம்பை நட்டு, பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்தால் நிற்பவருக்கு நேராகத் தெரியும். அக்ரிலிக் வெப்பத்தில் கணிசமாக விரியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது: 30 சென்டிமீட்டர் தகடு, விடியலுக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 40 டிகிரி மாறினால், ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் நீளும். துளையை ஸ்க்ரூவைவிடச் சற்றுப் பெரிதாகப் போடாவிட்டால் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும்.

என்ன எழுதுவது? தமிழ்ப்பெயர், அறிவியல் பெயர், குடும்பம், தாயகம் போதும். அறிவியல் பெயரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் ‘அகேசியா’ என்ற பேரினப் பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போனது, 2011இல் மெல்போர்னில் அதுவே உறுதியானது. முன்பு ‘அகேசியா’வாக இருந்த நம்ம ஊர் கருவேலம் இப்போது ‘வாச்செல்லியா நிலோட்டிகா’. புங்கமும் பொங்கேமியா, டெர்ரிஸ், மில்லெட்டியா என்று பல வீடு மாறிய மரம். அழியாத எழுத்துக்கு இதுதான் வில்லங்கம். பெயர் வரியைத் தனிப் பட்டையாகச் செதுக்கிப் பொருத்தினால், பெயர் மாறும்போது அதை மட்டும் மாற்றலாம். க்யூஆர் குறியீடும் செதுக்கித் தருகிறார்கள். குறியீடு நிலைக்கும், அது காட்டும் இணையதளம் நிலைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பாசி படிந்தால் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர், ஸ்பிரிட் பக்கம் போக வேண்டாம், அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்கள் ஓடிவிடும். மரத்தில் ஸ்பிரிங் வைத்து மாட்டியிருந்தால், வருடத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூவைச் சில சுற்று வெளியே தளர்த்திவிடுங்கள்.