குத்தாத பச்சைக்கு என்ன பெயர்?

கொடைக்கானல் ஏரிக்கரைக் கடையில் என் மகள் ஒரு தாள் வாங்கினாள். உள்ளங்கை அகலத் தாளில் ஆறு படங்கள்: கன்னம் உப்பிய சூரியன் இரண்டு, மூக்கும் முழியுமாக ஒரு பிறை, நட்சத்திரம் மூன்று. பூம்பாறைக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அதை அப்பத்தாவிடம் நீட்டி, "இது டாட்டூ அப்பத்தா. பச்சை குத்துறது" என்றாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் அம்மா கையைத் துடைத்துவிட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குத்தவும் இல்ல, பச்சையாவும் இல்ல. அப்புறம் எப்படி ஆத்தா இது பச்சை குத்துறது?"

நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். 'டெம்பரரி டாட்டூ'வைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'தற்காலிகப் பச்சை குத்தல்' என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மாவின் ஒரு கேள்விக்கு அது நிற்காது.

முதலில் டாட்டூ. ஆங்கிலத்துக்கே இது இரவல் சொல்தான். பசிபிக் தீவுகளான தாஹிதியிலும் சமோவாவிலும் 'தாதாவ்' என்பார்கள். 1769-இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல் தாஹிதியில் நின்றபோது, அதில் வந்தவர்கள் இந்த வழக்கத்தையும் அதன் பெயரையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். 'தா' என்றால் அடிப்பது. எலும்பைச் சீப்புப் பல்லாக வெட்டி, மையில் தோய்த்துத் தோலில் வைத்து, மேலே ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே போவார்கள். 'அட, நம்ம தட்டு!' என்று யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது.

ஆங்கிலத்தில் இன்னொரு டாட்டூவும் உண்டு. ராணுவத்தில் இரவில் வீரர்களைக் கொட்டடிக்கு அழைக்க அடிக்கும் முரசுக்கும், பிறகு ராணுவ இசை நிகழ்ச்சிக்கும் அதே பெயர். அது டச்சுக்காரர்களின் 'தாப்டூ', அதாவது பீப்பாய்க் குழாயை மூடு, குடித்தது போதும் என்று பொருள். இரண்டுக்கும் எழுத்து ஒன்றாகிப்போனதே தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, நம்முடைய பச்சைக்கு வருவோம். அம்மாவின் இடது முன்கையில் ஒரு கோலம் இருக்கிறது. நான்கு புள்ளி, அவற்றைச் சுற்றி ஒரு வளைவு, கீழே தேளா பூவா என்று இன்றைக்குச் சொல்ல முடியாத ஒன்று. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பத்து வயதில் குத்தியதாம். குத்திய குறத்திக்குக் கூலியாக ஒரு படி உருளைக்கிழங்கும் கொஞ்சம் காசும் கொடுத்தார்களாம். விளக்குப்புகைக் கரியைக் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தி, மேலே மஞ்சள் அப்பிவிட்டார்களாம். "அழுதா கோலம் கோணிப்போகும்னு மிரட்டுனா" என்பார் அம்மா. கொஞ்சம் கோணித்தான் இருக்கிறது.

கரி கறுப்புதானே, பச்சை எங்கிருந்து வந்தது? கரி தோலின் அடியடுக்கில் போய்த் தங்கிவிடுகிறது. மேல்தோல் வழியாகப் பார்க்கும்போது அந்தக் கறுப்பில் நீலமோ பச்சையோ ஏறித் தெரிகிறது. மணிக்கட்டில் ஓடும் நரம்பு பச்சையாகத் தெரிவதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். தமிழிலும் பச்சை, நீலம், கருமை மூன்றுக்கும் நடுவில் பெரிய வேலி கிடையாது. ஒரே திருமாலைப் பச்சை மேனியன் என்கிறோம், நீல வண்ணன் என்கிறோம், கரியவன் என்றும் சொல்லிக்கொள்கிறோம். ஆக, 'பச்சை' கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையும் 'குத்து' கை செய்த வேலையையும் சொல்கின்றன. தாஹிதிக்காரர் 'அடி' என்றதை நாம் 'குத்து' என்றோம்.

நீலகிரிப் பக்கம் போனால் வயதான படகப் பெண்களின் நெற்றியில் பச்சைக் குறிகளைப் பார்க்கலாம். தோடர் பெண்களுக்குப் புள்ளி புள்ளியாக வரிசை பிடித்துக் குத்தும் வழக்கம் இருந்தது. ஊசிக்குப் பதில் முள், மைக்குக் கரி. குத்தினால் போகாது என்பதுதான் அதன் பெருமை.

போகக்கூடிய ஒன்றுக்குத் தமிழில் பழைய சொல் இல்லையா? அருமையான சொல்லே இருக்கிறது: தொய்யில். சந்தனம், குங்குமக் குழம்பு கொண்டு பெண்களின் தோளிலும் மார்பிலும் கொடியாகவும் கரும்பாகவும் எழுதுவது. கலித்தொகையில் தலைவன் தன் கையாலேயே தலைவிக்கு எழுதுகிறான். குளித்தால் போய்விடும்; மறுபடி எழுதலாம். செய்முறையைப் பார்த்தால் தற்காலிக டாட்டூவுக்கு இதைவிட நெருக்கமான முன்னோர் கிடையாது. ஆனால் அந்தச் சொல் முழுக்கக் காதல் மணக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் கன்னத்தில் இருக்கும் நட்சத்திரத்தைத் தொய்யில் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பிள்ளைகளுக்கென்று நம் வீட்டில் வேறு இருந்தன. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. கையில் மருதாணி: நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் ஐந்தாறு பொட்டு. அந்த வட்டத்தை நிலா என்றும் பொட்டுகளை விண்மீன் என்றும் சொல்லித்தான் கையை ஆட்டாமல் உட்கார வைப்பார்கள். (மருதாணி என்றதும் ஒன்று. நிமிடத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். மருதாணி இலை கறுப்பாகப் பிடிக்காது. அதில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேரும் ரசாயனம் கலந்திருக்கும். சில பிள்ளைகளுக்குத் தோல் கொப்பளித்து, தழும்பே நின்றுவிடும்.)

கடைத் தாளின் வேலை இதிலெல்லாம் சேராது. அடியில் வழுக்குப் பூச்சுள்ள காகிதம், அதன்மேல் அச்சு மையில் படம், அதற்கும் மேல் பசை, எல்லாவற்றையும் மூடி ஒரு கண்ணாடித்தாள். கண்ணாடித்தாளை உரித்து, பசைப் பக்கத்தைத் தோலில் கவிழ்த்து, காகிதத்தின் முதுகில் ஈரத்துணியை அழுத்தி முப்பது வரை எண்ணினால் காகிதம் நழுவிவிடும், படம் தோலில் தங்கிவிடும். பூம்பாறைக் குளிரில் எங்களுக்கு அறுபது வரை எண்ண வேண்டியிருந்தது. அப்புறம் ஸ்வெட்டர் கையை அவசரமாக இழுத்துவிட்டதில் ஒரு சூரியன் பாதிக்குப் பாதி கம்பளியோடு போய்விட்டது. மேல்தோலின் செத்த அடுக்கில்தான் படம் ஒட்டியிருக்கிறது. அந்த அடுக்கு தானாக உதிர்வதால் நாலைந்து நாளில் படமும் உதிர்கிறது. அவசரம் என்றால் தேங்காய் எண்ணெய் போதும்.

படம் கவிழ்ந்து ஒட்டுவதால் இடம் வலமாகிவிடும். தாளில் ஒரு பக்கம் பார்த்த பிறை, கையில் மறுபக்கம் திரும்பி நின்றது. "அப்பா, நிலா மாறிப்போச்சு!" என்று மகள் கத்தினாள். அதைவிட எனக்கு வேடிக்கையாகப் பட்டது, பிறை நின்றுகொண்டிருந்ததுதான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் மலையில், மாலை மூன்றாம் பிறை ஏறக்குறையப் படகுபோல மல்லாந்துதான் தெரியும், சிவன் தலையில் இருப்பதுபோல. நிமிர்ந்து நிற்கும் பிறை குளிர்நாட்டு வானத்துப் பிறை.

இந்தப் படங்களுக்கு நம்மிடம் வேறொரு பழக்கம் உண்டு. கோயிலுக்கு நிலம் எழுதிவைத்த கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவல்' என்று வரும். சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை இந்தத் தானம் செல்லும் என்று பொருள். நடுகற்களின் உச்சியிலும் அதற்காகவே பிறையையும் சூரியனையும் செதுக்கினார்கள். இங்கே அதே சூரியன் ஒரு ஸ்வெட்டருக்குத் தாங்கவில்லை.

இனி பெயர். 'தற்காலிகம்' என்பது தன் காலம் என்று தோன்றினாலும் தத்காலம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. கடையில் நின்று ஒரு பிள்ளை கேட்க முடியாத நீளம், அதனால்தான். 'தோல் ஒட்டி' என்றால் பிளாஸ்திரி ஞாபகம் வருகிறது. எனக்குப் பிடித்தது ஒட்டுப்பச்சை. குத்தை எடுத்துவிட்டு ஒட்டை வைத்தாயிற்று. பச்சை நிறம் இல்லையே என்றால், எள்+நெய்தான் எண்ணெய். இன்றைக்குத் தேங்காய் எண்ணெய் என்கிறோம், அதில் எள்ளை யாரும் தேடுவதில்லை. சிவப்பு மையில் பெயர் எழுதிக்கொண்டவரையும் பச்சை குத்திக்கொண்டார் என்றுதான் சொல்கிறோம். உடம்பில் போட்ட குறி என்ற அளவில் பச்சை எப்போதோ நிறத்தை விட்டு வெளியே வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். "ம்ம், ஒட்டுப்பச்சை. பரவால்ல" என்றவர், மிச்சமிருந்த நட்சத்திரம் ஒன்றைத் தன் தேளுக்கோ பூவுக்கோ பக்கத்தில் ஒட்டச் சொன்னார். அறுபது வரை பேத்தி எண்ணினாள்.

அடுத்த வாரம் அதே ஏரிக்கரைக் கடை. மகளை முன்னால் அனுப்பிவிட்டு நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். "அண்ணா, ஒட்டுப்பச்சை இருக்கா?"

கடைக்காரத் தம்பி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். "பச்சைல இல்ல பாப்பா. மஞ்சளும் நீலமுந்தான் இருக்கு, தரட்டுமா?"