யூதனேசியா: கருணைக்கொலையா, நல்லிறப்பா?

கிரேக்கத்தில் 'யூ' என்றால் நல்ல, 'தானடோஸ்' என்றால் சாவு. யூதனேசியா என்பதன் நேர்ப்பொருள் 'நல்ல சாவு', அவ்வளவுதான். வலியில்லாமல் சட்டென்று வரும் சாவை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுவாராம். அதில் மருத்துவருக்கு வேலை இல்லை. சாகிறவரின் வேதனையைத் தணிப்பதும் மருத்துவரின் கடமை என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் எழுதியபோது சொல் மருத்துவத்துக்குள் வந்தது. உயிரை முடித்துவைப்பது என்ற பொருள் ஏறியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இன்றைய பொருள்: தீராத வேதனையில் இருப்பவர் கேட்டுக்கொண்டதன்பேரில், மருத்துவர் மருந்து செலுத்தி உயிரை முடித்துவைப்பது. நெதர்லாந்தில் 2002 முதல் இதற்குச் சட்டம் உண்டு. வேண்டுகோள் நோயாளியின் சொந்த விருப்பமா என்று மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும், இன்னொரு மருத்துவரையும் கலந்துபேச வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடப்பது வேறு. அங்கே மருத்துவர் மருந்தை எழுதித் தருவார், நோயாளி தானே அதை உட்கொள்வார். இதைத் 'துணைபெற்ற இறப்பு' எனலாம்.

சரி, தமிழில்? 'கருணைக்கொலை' என்றே பழகிவிட்டோம். கருணை முன்னால் நின்றாலும் காதில் தங்குவது கொலைதான். இது சரியா தவறா என்று பேசத் தொடங்கும் முன்பே சொல் தீர்ப்பை எழுதிவிடுகிறது. அதைவிடக் கொடுமை, பயனற்றுப்போன வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதிப்பதையும் சிலர் இதே சொல்லால் குறிக்கிறார்கள். அங்கே உயிரைக் கொண்டுபோவது நோய். கையெழுத்திட்ட மகளோ, அப்பாவைக் கொன்றுவிட்டோமோ என்று காலமெல்லாம் மறுகுவாள்.

எனக்குப் பிடித்த சொல் 'நல்லிறப்பு'. கிரேக்கச் சொல்லுக்கு நேராக நிற்கிறது. 'இற' என்பதற்குப் பழந்தமிழில் கடத்தல் என்றும் பொருள் உண்டு. கடந்துபோன காலத்தை இறந்தகாலம் என்கிறோமே, அதே வேர்.

ஆனால் இனிய சொல்லிலும் ஆபத்து இருக்கிறது. 1939இல் தொடங்கி, மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் கொன்றுகுவித்த நாஜிகள் அதற்கு இட்ட பெயரும் யூதனேசியாதான். கொல்லப்பட்டவர்கள் யாரும் சாவைக் கேட்கவில்லை. அது வெறும் கொலை. அதனால் நல்லிறப்பு என்று எழுதும் இடத்தில் 'நோயாளி வேண்டிய' என்பதையும் சேர்த்தே எழுதுவேன். வென்டிலேட்டரை எடுப்பதற்கு 'சிகிச்சை நிறுத்தம்' போதும்.