கடைசிக் குழாயில் மஞ்சள் தெரிகிறதா?

ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் பல ஊர்களில் நல்ல தண்ணீர் என்றால் அது தாமிரபரணித் தண்ணீர்தான். ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளில் ஊறுகிற நீரை பம்பு செய்து, கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வழியாக ஊர் மேல்நிலைத் தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். மணல் படுகை நல்ல வடிகட்டி. கலங்கலையும் கிருமிகளில் பெரும்பகுதியையும் அதுவே பிடித்துவைக்கும். மணலை அள்ளிவிட்ட இடத்தில் அந்த வடிகட்டி மெலிந்துபோகும்.

ஆனால் தொட்டி வரை சுத்தமாக வந்த தண்ணீர் குடத்தில் விழும்போதும் சுத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. தொட்டிக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே கிடக்கிற தெருக்குழாயில்தான் அது கெடுகிறது. அதைக் காக்கும் ஒரே காவலாளி, நீரில் மிச்சமிருக்கும் குளோரின். குளோரின் போட்ட தண்ணீரில், கடைசிக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500. சோதனைச் சொட்டு விட்டால் அந்த மிச்சம்தான் மஞ்சளாகத் தெரியும்.

தொட்டியில் போடுகிற குளோரின் முழுவதும் கிருமியைக் கொல்லப் போவதில்லை. இரும்பு, அழுகிய இலைதழை, அம்மோனியா, தொட்டி அடியில் படிந்த சேறு எல்லாம் முதலில் தங்கள் பங்கைத் தின்றுவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் காவலுக்கு நிற்கும். எவ்வளவு தின்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆற்றுத் தண்ணீரோடு உள்ளூர் போர் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஏற்றும் ஊரில் நாளுக்கு நாளே மாறும். 'ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர்' என்ற வாய்ப்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது என்பது இதனால்தான்.

அளவை ஊரே கண்டுபிடிக்கலாம். நாலு பிளாஸ்டிக் வாளி, மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சு, ஒரு குளோரின் சோதனைப் பெட்டி போதும். 25 சதவீத வீரியமுள்ள (நூறு கிராமில் 25 கிராம் குளோரின் தரும்) பிளீச்சிங் பவுடரில் 40 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிய விடுங்கள். இது ஒரு சதவீதக் கரைசல். வாளிக்குப் பத்து லிட்டர் வீதம், குளோரின் போடாத தண்ணீரை நிரப்புங்கள். முதல் வாளியில் கரைசல் 1 மில்லி, அடுத்தவற்றில் 2, 3, 4 மில்லி. பத்து லிட்டரில் ஒரு மில்லி என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின். கலக்கி, மூடி, நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் சோதியுங்கள். எந்த வாளியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் தெரிகிறதோ அதுதான் அன்றைய அளவு.

இரண்டாவது வாளியில் 0.5 தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். போட்டது 2, மிஞ்சியது 0.5. ஆக, தண்ணீர் தின்றது 1.5. முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 60 கிராம் குளோரின் வேண்டும். பவுடராக 240 கிராம். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் (வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசுத் திட்டம்) கணக்குப்படி 500 பேர் உள்ள ஊருக்கு இந்தத் தொட்டி ஒரு முறை நிரம்பினால் போதும்.

பவுடரை நேராகத் தொட்டிக்குள் கொட்டுவது பெரிய தவறு. அதிலிருக்கும் சுண்ணாம்பு அடியில் படிந்து, வாரக்கணக்கில் சேறாகி, அந்தச் சேறே குளோரினைத் தின்ன ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் வாளியில் (இரும்பு வாளி அரித்துவிடும்) இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, பத்து லிட்டர் வரை தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். தொட்டி கால்வாசி நிரம்பும் நேரத்தில் ஊற்றினால், மேலிருந்து விழும் தண்ணீரே கலக்கிவிடும். நிரம்பியதும் அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மிச்சம் பூஜ்யமாகக் காட்டினால், முதலில் பவுடர் மூட்டையைப் பாருங்கள். பிரித்த மூட்டை ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கட்டிதட்டி வீரியம் இழக்கும். 25 சதவீதம் 15 ஆக இறங்கினால் அதே 240 கிராம் தருவது லிட்டருக்கு 1.2 மில்லிகிராம்தான். தண்ணீர் தின்பதோ 1.5. ஆபரேட்டர் தினமும் தவறாமல் மருந்து போடுவார், நோட்டிலும் எழுதுவார், காவல் மட்டும் இருக்காது. ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வைப்பதே வழி.

அடுத்தது குழாய். தொட்டி வால்வை மூடியதும், குழாயில் மிச்சமிருக்கும் நீர் பள்ளத்துத் தெருவுக்கு வடிகிறது. மேட்டுத் தெருக் குழாய் காலியாகி உள்ளே உறிஞ்சல் ஏற்படுகிறது. கசிவுள்ள மூட்டு சாக்கடை ஓரமாக இருந்தால் சாக்கடை நீரே உள்ளே போகும். வீட்டு மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி இழுப்பவர்கள் இதே வேலையைத் தண்ணீர் வரும் நேரத்திலேயே செய்கிறார்கள்.

இதைவிட மோசமானது குழாயடிப் பள்ளம். தண்ணீர் ஏறாத தெருவில் இரண்டு மூன்று அடி குழி தோண்டி, குழாயை வெட்டித் தாழ்த்திக் குடம் வைப்பார்கள். தண்ணீர் நின்ற பிறகு குழாய் வாய் அந்தக் குழியில் தேங்கிய நீருக்குள் முங்கிக் கிடக்கும். நாய் இறங்கிய, கைகால் கழுவிய அதே நீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை முதல் குடத்தில் அதுதான் வரும். குழியைத் தோண்டியவர்கள் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. கேட் வால்வுகள் போட்டு ஊரை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து முறைவைத்துத் திறந்தால் அழுத்தம் கூடும். பிறகு குழியை மூடி, மேடை கட்டி, குழாயைத் தரைக்கு மேல் உயர்த்தலாம்.

ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் சோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. அவர்கள் சோதிக்க வேண்டிய இடம் தொட்டியடி அல்ல, கடைசித் தெருக் கடைசிக் குழாய். முதலில் வரும் கலங்கலை விட்டுவிட்டு, சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோ டொலுடின் சொட்டுகளை விட்டு, வெள்ளைத் தாளுக்கு எதிரே வைத்துப் பத்து விநாடிக்குள் மஞ்சளைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் அம்மோனியாவோடு சேர்ந்து வலுக்குறைந்த கூட்டுக் குளோரினும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். அந்தச் சொட்டு மருந்து நச்சு. கையில் படக் கூடாது. டி.பி.டி. மாத்திரை கிடைத்தால் அதுவே மேல். அதில் நிறம் இளஞ்சிவப்பு. தொட்டியடியில் 0.5, கடைசியில் பூஜ்யம் என்றால், தெருத்தெருவாகச் சோதித்துக்கொண்டே நடங்கள். நிறம் சட்டென்று மறையும் இரண்டு குழாய்களுக்கு நடுவேதான் பெரும்பாலும் கசிவு இருக்கும். பாதி நேரம் அது தண்ணீர் தேங்கிய வால்வுக் குழிதான்.

'மருந்து வாடை' அடிக்கிறது என்று யாராவது சொன்னதும் அளவைக் குறைப்பது வழக்கம். முதலில் சோதியுங்கள். நீரில் அம்மோனியா கலந்திருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து கடுமையான வாடை தரும். கழிவுநீர் கலப்புக்கு அது அறிகுறியாகவும் இருக்கலாம். அளவு சரியாக இருந்தால், குடத்தைச் சிறிது நேரம் துணி கட்டி வைத்தாலே வாடை அடங்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் குடிநீர்த் திட்டங்கள் பல சேதமாயின. அப்படிக் கலங்கல் வரும் நாட்களில் கிருமி மண்துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். குளோரினும் மண்ணோடு தீர்ந்துபோகும். தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் உரைத்துத் தெளியவைக்கும் பழைய வழக்கம் நல்லதுதான், கலங்கல் இறங்கும். ஆனால் கிருமி சாகாது. தெளிந்த நீரைக் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது குளோரின் போட வேண்டும். தொட்டிக்கோ நாலு வாளிச் சோதனையை அன்றே மறுபடி செய்து புது அளவு போட வேண்டும். பழைய 240 கிராம் அன்றைக்குப் போதாது.